சாவி எங்கள் வீட்டில்

தேவாலயத்துச் சாவி எங்கள் வீட்டில்தான் தொங்குகிறது.
பக்தியால் அல்ல,
பக்கத்து வீடு என்பதால்.

ஹீயுமா தீவில் நவம்பர் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
யாராவது வந்தால்
மாவுக் கையோடு போய்த் திறந்துவிட்டு
வெளியே நிற்பேன்.
நான் பிறந்தபோது அது கூட்டுப்பண்ணையின் கிடங்கு.
பார்லி மூட்டைகள்.
கடவுளுக்கு முன்னால் எனக்கு அங்கே
எலிகள் அறிமுகமாகிவிட்டன.

அண்ணன் எண்டெலிடம் கேட்பார்கள்,
மகன் கடலோடு போனபோதா விட்டாய் என்று.
இல்லை.
அந்த வருஷம் முழுக்க முழங்காலில்தான் இருந்தான்.
ஆறு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை
உருளைக்கிழங்கு உரிக்கும்போது பார்த்தால்
காணோம்.
ஒற்றைக் கையுறை தொலைகிற மாதிரி.
எந்தப் பேருந்தில், எந்த இருக்கையில்,
யாருக்குச் சொல்லத் தெரியும்?
மிஞ்சிய கையுறையை அவன் எறியவில்லை:
சாப்பிடுமுன் இப்போதும்
ஒரு நொடி கரண்டி நிற்கிறது.

அண்ணி ஹில்யாவுக்கும் அதே கடல், அதே மகன்.
"சண்டை போட ஆள் வேண்டாமா?"
என்றாள் ஒருமுறை, மீன் செதில் சுரண்டியபடி.
ஞாயிறு தவறாமல் போகிறாள், சண்டைக்கு.

நேற்று ராத்திரி புயல்.
எண்டெல் வந்து சாவி கேட்டான்.
ஓடு பெயர்ந்திருக்கிறதா பார்க்கணுமாம்.

கொடுத்தேன்.
அவன் கையில் விளக்கு இல்லை.
அடுப்பில் ரொட்டி இருந்தது,
திரும்பிவிட்டேன்.