கடல் தெரியும் அறை

சாவி கொடுக்கிற காலை
குலவீரசிங்கம் வந்தார், கையில் போன்.
செருப்பைக் கழற்றவில்லை.
நேரே அறையின் மூலைக்குப் போனார்.
கறையைத் தொடவில்லை.
கறைக்குப் பக்கத்தில் வெள்ளையாய் இருந்த சுவரைத்
திரையில் ஒரு தட்டுத் தட்டினார்.
மஞ்சள் பெட்டி வந்தது. அதன் ஓரத்தில்
கடுகளவு சூரியன்.
அதைப் பெருவிரலால் கீழே இழுத்தார்,
கொஞ்சம்தான்,
கறிக்கு உப்புப் பார்க்கிற மாதிரி.
வெள்ளைச் சுவர் சாம்பலானது.
சாம்பலுக்குள் கறை
அடிப்பிடித்த சட்டி.

படம் பிடிக்கத் தெரிந்த மனுசன்.

“பாருங்கோ பிள்ளை, இவ்வளவு பழுது.
ஓனர் கனடாவில இருந்து கேட்பார்.
அட்வான்ஸில கழிச்சுத்தான் தரலாம்.”

இரண்டு மாத வாடகை.
நிஸ்மியா தன் சூட்கேஸின் மேல் உட்கார்ந்து
ஸிப்பை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் எடுத்தேன்.
என் விரல் கறையின் நடுவிலேயே குத்தியது.
இருட்டைக் கண்டு பயந்த போன்
அறை முழுக்க வெளிச்சத்தை ஊற்றியது.
கறை, பால் கூடின தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது.
இன்னும் மேலே தள்ளினேன்.
கறை போயே போச்சு.
கூடவே ஜன்னலும்.
வெள்ளவத்தைக் கடல், தண்டவாளம்,
துறைமுகத்துக்கு முறை பார்த்து நின்ற கப்பல்
எல்லாம் ஒரு வெள்ளைக் கடதாசி.
ஒரு சுவரைக் காப்பாற்ற
ஒரு கடலை விற்றேன்.

ஒரே சுவர். ஒரே பத்தரை மணி.
அவர் போனில் நாங்கள் குற்றவாளிகள்.
என் போனில், கடலே இல்லாத ஊரில்
சுத்தபத்தமான இரண்டு பெண்கள்.

“பின்னேரம் முடிவு சொல்லுறன்” என்று
படியால் இறங்கினார். லிப்ட் பழுது;
அதை யாரும் படம் எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு, பசியில்,
பழைய மெசேஜ்களைத் தோண்டும்போது கிடைத்தது.
இரண்டு வருடத்துக்கு முந்தி அவர் அனுப்பிய விளம்பரம்:
‘ஐந்தாம் மாடி. கடல் தெரியும். பெண்பிள்ளைகளுக்கு மட்டும்.’
அந்தப் படத்தில் கடல் அப்படி ஒரு நீலம்.
அதைப் பார்த்துத்தான் வந்தோம்.
அறை கறுப்பு.
கறுப்பை யார் பார்த்தது?

எடிட்டைத் தொட்டு
வெளிச்சக் கோட்டை வலப்பக்கம் தள்ளினேன்.
முதலில் கடல் வெளிறியது.
நிஸ்மியா எழும்பி வந்து தோளுக்கு மேலால் பார்த்தாள்.
பிறகு கறுப்புக்குள், புள்ளி புள்ளியாய்,
அரிசி களைந்த தண்ணிக்குள் கை தெரிகிற மாதிரி,
கட்டில் கால்.
பிளக்.
மூலை.
மூலையில் கறை.
இதே கறைதான். அப்போது உள்ளங்கை அளவு.

“அல்லாஹ்” என்றாள். “வாளியைப் பாரடி.”

கறைக்கு நேர் கீழே ஒரு நீல வாளி.
கைபிடிக் கம்பிக்குப் பதில் நைலோன் கயிறு.
நாங்கள் வந்த நாள் அது குளியலறையில் இருந்தது.
யாரோ மறந்துவிட்டுப் போனதென்று
இரண்டு வருடமாய் அதில்தான் உடுப்பு ஊறவைக்கிறோம்.
மறக்கவில்லை.
மேலிருந்து சொட்டியதை ஏந்த வைத்திருக்கிறாள் எவளோ.
அவளுடைய அட்வான்ஸில் எவ்வளவு கழித்தாரோ.

அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை.
நீலச் சரி இரண்டு விழுந்தது.
‘எழுதுகிறார்’ என்றது. நின்றது.
மறுபடி எழுதுகிறார்.
பாணந்துறைக் கோச்சி
கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டு போனது.

வாளியைக் கழுவினோம்.
கொண்டு போவோம் என்றாள் நிஸ்மியா, நல்ல வாளி.
நான் அதைத் தூக்கிப் போய்
மூலையிலிருந்து இரண்டடி தள்ளி
ஜன்னல் வெயில் நேரே விழுகிற இடத்தில்,
அந்தக் கடுகுச் சூரியனை
எவ்வளவு கீழே இழுத்தாலும்
இருட்டுக்குள் போகாத இடத்தில் வைத்தேன்.