நிழலில் எடுத்த அளவு

ரேடியோவிலும் டீக்கடைப் பேப்பரிலும்
வேலூர் என்று சொல்லி ஓர் எண் வாசிக்கிறார்களே,
அது என் கையெழுத்து.

வெள்ளை அடித்த மரப்பெட்டி.
நான்கு பக்கமும் சாய்வுச் சட்டங்கள்.
காற்று நுழையலாம், வெயில் நுழையாது.
அடியில் புல் இருக்க வேண்டும் என்பது விதி.
கத்திரியில் புல் ஏது?
தண்ணீர் லாரி வராத வாரத்திலும்
இரண்டு குடம் அந்தப் புல்லுக்குப் போகும்.
அளவு சரியாக இருக்க வேண்டுமே.

கதவைத் திறந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
இதுவும் விதிதான்.
வாசிப்பவள் உடம்புச் சூடு பாதரசத்தில் சேரக் கூடாது.
முதலில் புள்ளிக்குப் பின்னால் உள்ளது,
அப்புறம் முன்னால் உள்ளது:
ஒன்று. நாற்பத்து மூன்று.
கதவை மூடிய பிறகுதான் மூச்சு.

பதிவேட்டில் பெயர் ஜ்வாலாமாலினி.
ஆபீசில் மாலினி மட்டும்;
ஜ்வாலையை மே மாதத்தில் யார் கூப்பிடுவார்கள்?
பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நயினார் வீட்டுப் பெண்.
ஐந்தரைக்கு வாசிப்பு. ஆறரைக்கு அஸ்தமனம்.
நடுவில் சத்துவாச்சாரிக்குப் பஸ் பிடித்து
உலை வைத்துச் சாப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.
ஆகவே சூரியனைப் பற்றி
எனக்கு அழகாக எதுவும் தோன்றியதில்லை.
அது ஒரு மேலதிகாரி.

மதிலுக்கு அந்தப் பக்கம் லாட்ஜ் எழும்புகிறது,
ஆஸ்பத்திரிக்கு வருகிற கல்கத்தாக்காரர்கள் தங்க.
எல்லா அறையும் ஏசி.
மூன்றாவது மாடிக்குக் கலவை சுமக்கும் எட்டியம்மாள்
அணைக்கட்டுப் பக்கத்துக்காரி,
தினமும் மேலிருந்து கேட்பாள்:
"இன்னிக்கு எவ்ளோம்மா?"
சொல்வேன்.
"அது உன் பொட்டிக்குள்ள."

ஒரு மத்தியானம்
சும்மா கிடந்த கருவி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு
கைப்பிடி வைக்காத படியேறினேன்.
அவள் சட்டியைக் கவிழ்க்கும் இடத்தில் வைத்தேன்.
ஐம்பத்தைந்தில் அதன் கோடுகள் முடிகின்றன.
பாதரசம் தாண்டி நின்றது.
எட்டியம்மாளுக்கு எண் தெரியாது. குனிந்து பார்த்து
"ரொம்பிப் போச்சே" என்றாள்,
குடத்தைச் சொல்வதுபோல.

காற்றின் திசைக்குக் கட்டம் உண்டு.
வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம், அதற்கும் உண்டு.
இந்தத் தளத்துக்கு இல்லை.

அங்கிருந்து எல்லாம் தெரிந்தது.
பாலம் முழுக்க வண்டி, பாலத்தடியில் லாரித் தடம்;
ராணிப்பேட்டைத் திசையில் புகை;
பெங்களூர் ரோட்டில் முட்டி நிற்கும் டேங்கர்கள்;
பக்கத்து லாட்ஜ்களின் பின்சுவரெல்லாம்
அனல் துப்பும் ஏசி டப்பாக்கள்.
கீழே தீப்பெட்டி அளவுக்கு என் பெட்டி.
அதன் முன்னால் ஒன்பது வருடமாக
நான் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது
ஞாபகம் வந்து
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
வெயில் தலைக்கேறிவிட்டது என்று
எட்டியம்மாள் தன் மோரைக் கொடுத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரம்.
பெட்டி நிழலில் இரண்டு பேர்.
வாய் பிளந்த ஓணான் ஒன்று,
முட்டியைக் கட்டிக்கொண்டு அவள்.
நிழல் ஒரு முறம் அகலம்.
அது நகர நகர
ஓணான் கொஞ்சம் நகர்ந்தது, அவள் கொஞ்சம்.
கருவிக்கு அருகே உயிரினங்கள் தங்கலாகாது,
சுற்றறிக்கை இருக்கிறது.
ஜன்னலைச் சாத்தினேன்.

ஐந்தரைக்குப் போனபோது யாரும் இல்லை.
நான்கு. நாற்பத்து மூன்று.
குறிப்புகள் என்ற கடைசிக் கட்டத்தில்
இடி, தூறல், புழுதிக்காற்று என்று எழுதுவது வழக்கம்.
நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்து எழுதினேன்:
பெட்டியடியில் புல் நசுங்கியுள்ளது.
ஓர் ஆள். ஓர் ஓணான்.

பஸ் போய்விட்டது.
வீட்டுக் கதவைத் திறக்கையில் இருட்டிவிட்டது.
சுவரில் கை வைத்தேன், இன்னும் சுட்டது.
அன்றிரவு பட்டினி.