ஆறாம் எண்

பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டார் டாக்டர் ஓசோலா.
ஆறு என்றேன்.
எட்டு என்றால் நாடகம் என்பார்கள்,
நான்கு என்றால் வீட்டுக்குப் போ என்பார்கள்.
ஒன்பது வருடமாக, எந்த டாக்டர் கேட்டாலும்
ஆறு.

நான் ஓட்டும் டிராமும் ஆறுதான்.
ரீகாவின் நடுவிலிருந்து யுக்லா வரை,
யுக்லாவிலிருந்து திரும்ப.
பிப்ரவரியில் டாவ்கவாவின் மேல்
மனிதர்கள் ஸ்டூல் போட்டு மீன் பிடிக்கிறார்கள்.
அடியில் ஓடிக்கொண்டிருப்பதும் ஆறு.
ஆறியது எதுவும் இல்லை.

காலடியில் ஒரு மிதி இருக்கிறது.
ஓட்டுநர் மயங்கினால், செத்தால்,
கால் விலகும், வண்டி தானாக நிற்கும்.
நல்ல ஏற்பாடு.
அடிவயிற்றில் யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கும்போதும்
நான் அதை அழுத்தியபடியே இருக்கிறேன்.
என் பின்னால் நூற்றிருபது பேர்
போனைப் பார்த்துக்கொண்டு
சரியான நேரத்துக்குப் போய்ச் சேருகிறார்கள்.

யுக்லாவில் ஏழு நிமிட ஓய்வு.
கழிப்பறைக்கு ஓட ஒன்றரை, திரும்ப ஒன்றரை.
மீதி நான்கில்
ரத்தம், மாத்திரை, முகம் கழுவுதல்,
கண்ணாடியில் ஓட்டுநரின் முகத்தை
மறுபடி மாட்டிக்கொள்ளுதல்.
சீருடை கருநீலம்.
அதைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ,
அவருக்கு என் நன்றி.

"ஸிந்த்ரா, என் மனைவிக்கும் வரும்,
வெந்நீர் பை வைத்தால் போய்விடும்" என்றான் வில்னிஸ்.
நல்லவன். தன் பையையே மறுநாள் கொண்டுவந்தான்,
ஆட்டுக்குட்டிப் படம் போட்ட உறையோடு.
என் வயிற்றுத் தோலில் வெந்நீர் பைகள் சுட்டு வரைந்த
பழுப்பு வலையை அவனுக்கு எப்படிக் காட்டுவது?
வாங்கிக்கொண்டேன்.

குழந்தை பிறந்தால் சரியாகும் என்றார் ஒருவர்.
மனசைப் பாருங்கள் என்றார் இன்னொருவர்.
ஸ்கேன் சுத்தம், சுத்தம், சுத்தம்.
இவ்வளவு சுத்தமான உடம்புக்குள்
நான் எங்கே படுத்து அலறுவது?

கடைசியில் தொப்புள் வழியாக விளக்கை விட்டுப் பார்த்தார்கள்.
கருப்பைக்குள் இருக்க வேண்டியது
குடலில், சூலகத்தில், சிறுநீர்ப்பையின் முதுகில்
குடியேறி, மாதாமாதம் தன் இடத்திலிருந்தே
ரத்தம் விட்டுக்கொண்டிருந்தது.
எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார் ஓசோலா.
படத்தைக் காட்டினார்:
பனியில் யாரோ சிகரெட் சாம்பலைத் தட்டியதுபோல்.
நான் அழுதேன்.
பயந்துவிட்டேன் என்று நினைத்துக் கையைப் பிடித்தார்.
ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டேன்.

இப்போது அது லைசென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது.
யாரும் கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை.
சுரண்டி எடுத்தார்கள். பதினான்கு மாதம் சும்மா இருந்தது.
பிறகு வந்தது,
வாடகை பாக்கி வைத்துப் போனவன்
சாவியோடு திரும்பி வருவதுபோல்.

நேற்று முன் இருக்கையில் ஒரு பெண்,
இருபது வயது இருக்கும், மஞ்சள் தொப்பி.
திடீரென இரண்டாக மடிந்தாள்,
நெற்றி முழங்காலைத் தொட.
அந்த மடிப்பு எனக்குத் தெரியும்.
கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி
வளைவில் மெல்லத் திருப்பினேன்,
சந்திப்பில் முட்டை மேல் நிற்பதுபோல் பிரேக் பிடித்தேன்,
சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவினேன்.
மூன்று நிமிடம் தாமதம்.
ஒரு கிழவர் கதவைத் தட்டித் திட்டினார்.
அவருக்கு என்ன தெரியும் என்று
உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட.

அவள் நிமிர்ந்தாள்.
ஷூ லேஸ் கட்டியிருக்கிறாள்.
கதவு திறந்ததும் குதித்து
பச்சை விளக்கு அணைவதற்குள்
சாலையைத் தாண்டி ஓடினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும்.
இழுத்தது.
இத்தனை வருடம் என்னைப் பார்த்தவர்கள் போலவே
நானும் வெளியிலிருந்து பார்த்து
முடிவு கட்டியிருக்கிறேன்.

அடுத்த நிறுத்தம் வரை அதையே யோசித்தேன்.
நானும்தான் ஒவ்வொரு நாளும்
யுக்லாவில் ஓடுகிறேன்.
ஓடினாள் என்பதற்காக
அவளுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல
நான் யார்?

மிதியில் கால்.
மணி அடித்தேன்.
கிளம்பியது ஆறு.