மூன்று; ஏன் ஒன்று இல்லை?

வாட்ஸோவில் ஜனவரி.
காலை பத்து மணிக்கு
வெளிச்சம் வரப்போகிறது என்ற வதந்தி மட்டும்
தெற்கே கடல்மேல் நீலமாய் நிற்கிறது.
மருந்துக்கடைக்கு மேலே என் அறை.
இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்க் காப்பி,
நீதிமன்றம் அனுப்பிய ஒரு தாள்.
தாளுக்குப் பின்னால் ஹல்வார்ட்.

நண்டுப் படகுக்காரர்.
கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"சொல்ல வேண்டியதைச் சொல்லி முடியுங்கள்.
பன்னிரண்டுக்குக் கூண்டு தூக்கணும்."

சொல்ல வேண்டியது எனக்கும் நிறைய இருந்தது.
கல்லீரல் படம் போட்ட கையேடு
இழுப்பறையில், முழங்கால் இடிக்கும் தூரத்தில்.
அவர் கார் ஏறிய பேருந்து நிறுத்தம்
என் மகன் தினமும் நிற்கிற நிறுத்தம்.
இரவு மூன்று மணி, யாரும் இல்லை,
உடைந்தது கண்ணாடி மட்டும்.
கண்ணாடி மட்டும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இருமுறை.

அடிமேல் அடி அடித்தால் அம்மி நகரலாம்.
ஆள் நகர்வதில்லை;
நாற்காலிக்குள் இன்னும் ஆழமாய் இறங்கிவிடுகிறார்.
பதினாறு வருடத்தில்
நானே தள்ளித் தள்ளி இறக்கியவர்களை
எனக்கு நினைவிருக்கிறது.

ஆகவே கேட்டேன்:
"குடியில் உங்களுக்குப் பிடித்தது என்ன?"

அவர் கதவைப் பார்த்தார்,
கேள்வி வேறு யாருக்கோ என்பதுபோல.
பிறகு சொன்னார். நீண்ட நேரம் சொன்னார்.
கரைக்கு வந்த பிறகும்
எஞ்சின் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்குமாம்.
மூன்றாவது கிளாஸில்தான்
யாரோ அதை அணைப்பார்களாம்.
"அது இல்லாவிட்டால் வீடு ஆடுகிறது."

"கரையிலும் படகிலேயே இருக்கிறீர்கள்."

"ஆமாம்."
ஒரு கையுறை கழன்றது.

"ஆனால் அந்த யோமார், என்னோடு வேலை செய்கிற பையன்,
காலையில் பேசுவதுபோலப் பக்கத்தில் வந்து
மூச்சை இழுத்துப் பார்க்கிறான்.
எனக்குத் தெரியாதென்று நினைக்கிறான்."

இந்த வேலையில் நான் கற்ற இலக்கணம் சிறியது:
அவர் வைக்கும் 'ஆனால்' மேல் ஏறிக் குதிக்கக் கூடாது.
அதை மெல்ல எடுத்துவிட்டு
அங்கே இரண்டு 'உம்' வைக்க வேண்டும்.
"அந்த அமைதியும் வேண்டும்.
யோமார் முகரத் தேவையில்லாத காலையும் வேண்டும்."

பதில் இல்லை.
ரேடியேட்டர் ஒருமுறை இருமியது.
இந்த இடத்தில்தான் என் நாக்கு எழும்.
நுணல் எப்படிக் கெட்டது என்று தெரிந்தும் எழும்.
காப்பியை விழுங்கி அதைக் கீழே அனுப்பினேன்.

"பத்துக்கு எத்தனை?
இதை மாற்றுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?"

"மூன்று." சண்டைக்குத் தயாராக.

"மூன்று. ஏன் ஒன்று இல்லை?"

அந்தக் கேள்விக்கு
அவரிடம் கவசம் இல்லை.
தாடியைச் சொறிந்தார். ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு, திருடியதை ஒப்புக்கொள்ளும் குரலில்:
வெள்ளிக்கிழமை மாலை, முதல் கிளாஸுக்கு முன்னால்,
கார் சாவியை ஃப்ரீஸரில்
காட் மீன் பொட்டலங்களுக்கு அடியில் வைக்கிறாராம்.
"தோண்டி எடுப்பதற்குள் கை மரத்துவிடும்.
புத்தி வந்துவிடும், சில நேரம்."

யாரும் சொல்லித் தரவில்லை.
என் கையேட்டில் அந்தப் பக்கமே கிடையாது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை.
அதற்கடுத்த வாரம் வந்தார்,
உட்காரும் முன்பே, "இரண்டு" என்றார்.
என் முகத்தில் ஏதோ விழுந்திருக்க வேண்டும்.
"கேட்க மாட்டீர்களா?"

"எதை?"

"ஏன் ஒன்று இல்லை என்று."

வலது கையுறையைக் கழற்றினார்.
உள்ளங்கையில் சாவியின் பற்கள்,
சிவப்பாக, வரிசையாக.
சனிக்கிழமை எடுத்துவிட்டாராம்.
காரில் உட்கார்ந்தும்விட்டாராம்.
"எவ்வளவு நேரம் என்று தெரியாது.
கண்ணாடியெல்லாம் என் மூச்சே படிந்திருந்தது."
அதற்குமேல் சொல்லவில்லை.
நானும் முடித்துவைக்கவில்லை.

மாலையில் அந்த நிறுத்தம் வழியாகப் போனேன்.
இன்னும் கண்ணாடி போடவில்லை.
காற்று நேராக உள்ளே வருகிறது.
மகன் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு
யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தான்.