பதினாறு டிகிரி

லீபாயாவில் ஜனவரி.
சன்னலுக்கு வெளியே மைனஸ் பதினொன்று.
கடல் கரையோரம் மட்டும் கெட்டிப்பட்டிருக்கிறது,
ஆறிய பாலின் ஏடுபோல.
அறைக்குள் இருபத்தொன்று.
கணினித் திரை சொல்கிறது:
ப்ராசஸர் பதினாறு.

எனக்குக் கணக்குதான் தொழில்.
மீனவர் கூட்டுறவின் வரிப்பட்டியலில்
ஒரு சதம் இடித்தாலும் தூக்கம் வராது.
பதினாறு இடித்தது.
காற்றாடி ஊதுவது இந்த அறையின் காற்றை.
இருபத்தொன்றை ஊதி ஊதிப்
பதினாறாக்க
அதற்கென்ன மாயமா தெரியும்?

அடுத்த வரி அதைவிட மோசம்.
துணை உணரி: நூற்றிருபத்தேழு.
நூற்றிருபத்தேழில் பெட்டி இளகியிருக்க வேண்டும்.
அதன்மேல் நான் வைத்த காப்பிகூட
ஆறிப்போயிருந்தது.

ஆனாலும் அணைந்தது.
மாதக் கடைசி. நாலாயிரம் வரி அட்டவணை.
எண்பத்திரண்டு என்று காட்டிக்கொண்டே
பட்டென்று இருட்டு.
எண்பத்திரண்டில் ஆபத்தில்லை என்று
கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள்.

கண்ணால் கண்டது பொய்.
தீர விசாரிப்பது என்று
ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

அளக்கும் மென்பொருள் இரண்டு வைத்திருந்தேன்.
ஒன்று புளுகினால் மற்றது காட்டிக்கொடுக்குமென்று.
இரண்டும் ஒரே சில்லை ஒரே நொடியில் கேட்க,
இவனுக்கான பதிலை
அது அவனிடம் சொல்லியிருக்கிறது.
ஓர் உறையில் இரண்டு கத்தி.
புதியதை நீக்கினேன்.
எண்கள் துள்ளுவது நின்றது.
பதினாறு அசையவில்லை.

கீழ்வீட்டு ஐனார்ஸ் வந்தார், டிராம் பணிமனைக்காரர்.
கையில் நீராவிக் குளியலறையின் வெப்பமானி:
மரச்சட்டம், பிர்ச் இலை வாசனை,
நூற்றிருபதுவரை கோடுகள்.
"வேறு இல்லை, விஸ்மா."
வெப்பத்தகட்டின் இடுக்கில் அதைச் செருகி
இருவரும் குனிந்து நின்றோம்,
காய்ச்சல்காரக் குழந்தையின் கட்டிலருகே போல.
முப்பத்துமூன்று.
"குளிக்கப் போதாது" என்றார்.

அப்புறம்தான் பிடிபட்டது.
உள்ளே இருக்கும் உணரிக்குச் சூடு தெரியாது.
எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம்,
அது மட்டும்தான் தெரியும்.
எல்லை எங்கே என்பதை
மென்பொருள் தானாக ஊகித்துக்கொள்கிறது.
என் பழைய மென்பொருள் எண்பத்தைந்து என்று நினைத்தது.
இந்தச் சில்லுக்கோ நூற்றைந்து.
இருபது டிகிரி, தினமும், எல்லா வரியிலும்,
ஒரே மாதிரித் தள்ளுபடி.
பதினாறு என்றது முப்பத்தாறு.
எண்பத்திரண்டு என்றது
நூற்றிரண்டு.

ஐனார்ஸிடம் இதைச் சொன்னேன்.
கோடைக்குப் பிறகு அவர் மனைவி இங்கில்லை.
எப்படி இருக்கிறீர்கள் என்றால்
நவம்பரிலும் டிசம்பரிலும்
ஒரே "பரவாயில்லை".
காற்றாடியின் இறக்கைகளிலிருந்து
சாம்பல் நிறப் பஞ்சை உரித்தபடி,
"தூரத்தை மட்டும் சொல்லுமா" என்றார்.
"ஆமாம்."
"கெட்டிக்காரத்தனம்தான்."
மேற்கொண்டு பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.

பழைய வெப்பப் பசை
காய்ந்த கடுகுச் சட்னியாக வெடித்திருந்தது.
ஆல்கஹாலில் துடைத்தோம்.
புதியதைப் பட்டாணி அளவு வைத்தோம்.
குறுக்கு மூலையாகத் திருகு.
மென்பொருளில் எல்லையை நூற்றைந்தாக மாற்றி
நாலாயிரம் வரியையும் ஓட்டினேன்.
அறுபத்தெட்டு.
தகட்டில் விரல் வைத்தேன்.
மூன்று எண்ணும்வரை தாங்கியது.
நம்பலாம்.

வெப்பமானியை மறந்துவிட்டுப் போனார்.
அலமாரியில் அது அறைக்கு இருபத்துமூன்று சொல்கிறது;
அதுவும் இரண்டு கூட.
திருத்தவில்லை.

நூற்றிருபத்தேழு?
அந்த முனையில் ஒன்றுமே மாட்டவில்லை.
கம்பி இல்லை, உணரி இல்லை.
தயாரித்த நாள்முதல் காலியான இரண்டு ஊசிகள்,
உச்ச எண்ணில் கத்திக்கொண்டிருக்கின்றன.
அந்த வரியை மறைத்துவிட்டேன்.

சில இரவுகளில், கணக்கு முடிந்தபின்,
மறைத்ததைத் திறந்து பார்க்கிறேன்.
இன்னும் நூற்றிருபத்தேழு.