நிகர எடை

பகாவ் ஆலையின் எடைமேடையில்
பதினொரு வருடமாய் உட்கார்ந்திருக்கிறேன்.
குலை ஏற்றிய லாரி ஒருமுறை,
கொட்டிவிட்டு வெறும் லாரி ஒருமுறை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் காசு.

சற்குணவதியின் புருவத்துக்கு மேல்
புளியங்கொட்டை அளவில் வந்தபோது
குளவி கொட்டியிருக்கும் என்றேன்.
தோட்டத்து டிரஸ்ஸர் பனடோல் கொடுத்தார்.
அடுத்த வீட்டு ஞானசௌந்தரி
மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள்;
நெடி வரவில்லை, கண்ணேறுதான் என்பதில்
அவளுக்கு ஒரே திருப்தி.

கோலாப்பிலாவில் ரத்தம் எடுத்தார்கள். சுத்தம்.
கட்டியில் துளி கிள்ளிப் பார்த்தபின்
சிரம்பானில் இடுப்பெலும்பைத் துளைத்து
மஜ்ஜையும் எடுத்தார்கள். அதுவும் சுத்தம்.
ஆனாலும் இது ரத்தப் புற்றுதான் என்றார்கள்.
கிணற்றில் இல்லாத பாசி
கூரையில் எப்படி வரும் என்று கேட்டேன்.
ஜாராங், என்றார் பெரிய டாக்டர்.
அபூர்வம், என்று அவளுக்குச் சொன்னேன்.
'பரவாயில்லையே' என்று
ஒரு கண் வீங்கியபடி சிரித்தாள்.

அறுத்தபோது பச்சையாய் இருந்ததாம்.
சின்ன டாக்டர் நூருல் ஐனா
வெளியே சொல்லக்கூடாததைப் போல
'ஹிஜாவ், என்சிக்' என்றாள்.
காற்றுப் பட்டதும் நிறம் போய்விட்டதாம்.
பார்க்கக் கேட்டேன். புட்டியில்
எதுவோ வெளுத்துக் கிடந்தது.

வேலைக்குப் போகும் வழியெல்லாம் செம்பனை,
இரண்டு பக்கமும்.
அன்றிலிருந்து சாலையின்
வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்து
மோட்டாரை ஓட்டுகிறேன்.

அம்பாங்கில் ஒவ்வொரு முறையும்
மருந்துக்கு முன்னால் அவளை எடை பார்ப்பார்கள்.
ஐம்பத்து மூன்று.
நாற்பத்தொன்பது.
தாதி எழுதுமுன் நான் கழித்துவிடுகிறேன்,
தொழில் புத்தி.
எதை இறக்கினார்கள் என்று மட்டும்
எந்தச் சீட்டிலும் இல்லை.

மூன்றாம் முறை
செருப்போடு ஏறி நின்றாள்.
கழற்று, என்றேன்.
'இருக்கட்டுங்க. கொஞ்சம் கூடக் காட்டும்.'

லாரிக்காரர்கள் குலைக்கு அடியில்
ஈர மணலை ஒளித்துக் கொண்டுவருவார்கள்.
ஒருவனையும் நான் விட்டதில்லை.

தாதி என்னைப் பார்த்தாள்.
நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.