பெட்டி மாற்றுதல்

முப்பத்தொன்றாம் தேதியோடு சர்வர் நின்றுவிடுமாம்.
பதினான்கு வருடத்து மெயில்.
"எப்பிடியாங்கிலும் களையாம வெச்சாப் போரும் பிள்ளே"
என்று தாசையன் முதலாளி படியிறங்கிப் போய்விட்டார்,
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இரைச்சலுக்குள்.
எப்படி என்பது மட்டும் என் மேஜையில் கிடக்கிறது.

குழித்துறை அஜின் போனில் சொன்னான்:
பி.எஸ்.டி.யில் போடுங்கக்கா, ஒரே ஃபைல், சோலி தீர்ந்தது.
போட்டுப் பார்த்தவள் நான்.
எழுதிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது,
மறுநாள் அது திறக்க மாட்டேன் என்றது.
பூட்டுச் செய்தவன் எந்த நாட்டில் இருக்கிறானோ.
அந்த வருடத்து ஆர்டர்கள் இன்னும் அதற்குள்தான்
மூச்சுப்பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அடுத்தது எம்பாக்ஸ்.
ஒன்றன் வாலை ஒன்று கவ்வி
எல்லாக் கடிதமும் ஒரே நீளக் கோப்பாக.
நோட்பேடிலேயே திறக்கும், அது பிடித்திருந்தது.
ஆனால் அடையைச் சுழற்றி எடுத்த தேன்தான் அது.
தகரத்தில் ஓரமாய் ஈரம் இறங்கினால்
தகரம் முழுக்கப் புளிக்கும்.
இன்னொன்று:
அடுத்த கடிதம் எங்கே தொடங்குகிறது என்பதை
'ஃப்ரம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான் அது அறிகிறது.
கடிதத்துக்குள்ளே யாராவது ஒரு வரியை
அந்தச் சொல்லில் தொடங்கிவிட்டால்
முன்னால் ஒரு சின்ன அம்பை நட்டுவிடும்.
"ஃப்ரம் ஏப்ரல், உங்கள் தேன் வேண்டாம்"
என்று எழுதிய கொச்சிக்காரனின் வரி
நெற்றியில் அம்போடு நின்றது.
அந்த வரிக்கு அது பொருத்தம்தான்.
என்றாலும் அவன் வைக்காத அம்பு.

சின்க் போதாதா, என்றாள் ஷைனி பெல்லா,
இங்கே இருப்பது அங்கேயும் இருக்குமே.
இருக்கும்.
இங்கே அழித்தது அங்கேயும் அழியும்.
போன கொல்லம் ஒரு விரல் வழுக்கியதில்
மூன்று கணினியிலும் ஒரே நேரத்தில்
ஒரு மாதம் காணாமல் போனது
அவள் விரல்தான், நான் சொல்லவில்லை.

கடைசியில் மெயில்டிர்.
ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு.
ரப்பர் நிழலில் வைத்த பெட்டிக்குள்
அடை தொங்குவதுபோல அறை அறையாய்.
ஓர் அறை உடைந்தால் ஓர் அறைதான்.
படிக்காதவை 'நியூ'வில், படித்தவை 'கர்'ரில்,
பெயரின் வாலில் ஒற்றை எழுத்து:
எஸ் என்றால் பார்த்தது, ஆர் என்றால் பதில் போட்டது.
வாலுக்கு முன் ஒரு முக்காற்புள்ளி.
விண்டோஸ் அதைக் கண்டதும் முகம் சுளித்தது.
பின்னறையில் தூசியேறிக் கிடந்த கணினியில்
லினக்ஸ் ஏற்றி, பகல் ஒன்று போயிற்று.

ராத்திரி மழை. கோப்புகள் எறும்பு வரிசையில் நகர்ந்தன.
ஒன்பதரைக்கு எண்ணினேன்.
அங்கே நாற்பத்தோராயிரத்து இருநூற்றாறு.
இங்கே ஒன்று குறைவு.

எது என்று தேட வேண்டியிருக்கவில்லை.
வரைவுக் கோப்புறை வரவேயில்லை.
அதில் இருந்தது ஒன்றே ஒன்று:
ஆறு வருடத்துக்கு முன், திரும்பிவந்த தகரங்களை
நான் தனியாக எண்ணி முடித்த மாலையில்
"ஐயா, அடுத்த மாதம் முதல் நான்"
என்று தொடங்கி, அங்கேயே நின்றது.

கையால் எடுத்து வைத்தேன்.
பெயரின் வாலில் டி.
வரைவு என்றாலும் டி, குப்பை என்றாலும் டி.
ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்து,
என் வாயில் ஒன்றே ஒன்று.
ஒருமுறை மாற்றினேன்,
திரும்ப மாற்றினேன்.
மழை சற்று ஓய்ந்தது.

பிரதி ஒன்று போதாது,
இன்னொன்று வேறொரு கூரையின்கீழ் இருக்க வேண்டும்.
இரண்டாவது டிஸ்க்கைத் துணிப்பையில்,
சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்து
கடைசி பஸ்ஸுக்கு நடந்தேன்.